சாஃப்ட்வேர் வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கினோம்

எனக்கு பார்வை கிடையாது, ஆபீஸ் வேலை முழுக்க, திரையில இருக்குறத குரல்ல படிச்சுக் காட்டுற என்விடிஏங்கிற ஸ்கிரீன் ரீடர் வெச்சுதான். லீவு, பில், சம்பளம் எல்லாத்துக்கும் சேத்து புது சாஃப்ட்வேர் வாங்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் மேனேஜர்கிட்ட போய், மாற்றுத்திறனாளிங்களும் யூஸ் பண்ற மாதிரி இருக்கணும்னு டெண்டர்லயே எழுதுங்க சார்னு கேட்டேன். "வாங்கிடுவோம், அப்புறம் அப்டேட்ல சரி பண்ணிக்கலாம்"னாரு. காசு கைமாறின பிறகு யாரும் அவசரப்பட மாட்டாங்க, பழைய சாஃப்ட்வேர்லயே நாங்க பட்டாச்சு.

அப்புறம் அமெரிக்காவோட செக்‌ஷன் 508 பத்தி எடுத்து சொன்னேன். 1998ல திருத்தின சட்டம், ஃபெடரல் அரசு ஆபீஸ் எந்த டெக்னாலஜி வாங்கினாலும் மாற்றுத்திறனாளிங்களால யூஸ் பண்ண முடியணும்னு சொல்லுது. ஐரோப்பாவோட இஎன் 301 549 ஸ்டாண்டர்டும் அரசு கொள்முதல மனசுல வெச்சு வந்ததுதான். நம்ம மட்டும் புதுசா கேக்கலன்னு தெரிஞ்சதும் மனுஷன் எறங்கி வந்தாரு.

"எல்லாருக்கும் ஏத்த மாதிரி இருக்கணும்"னு பொதுவா எழுதினா பிரயோஜனம் இல்ல, எந்த கம்பெனியும் ஆமா இருக்குன்னுடும். அதனால டபிள்யூசிஏஜி 2.1, ஏஏ லெவல்னு போட்டோம். வெப்சைட், சாஃப்ட்வேரெல்லாம் மாற்றுத்திறனாளிங்க யூஸ் பண்ற மாதிரி இருக்கான்னு பாக்குற சர்வதேச விதிமுறை அது, ஏ, ஏஏ, ஏஏஏன்னு மூணு லெவல். கூடவே விபேட் ரிப்போர்ட்டும் கேட்டோம், எந்தெந்த விதிக்கு தங்க சாஃப்ட்வேர் ஒத்துப்போகுதுன்னு கம்பெனியே எழுதித் தர்றது. வந்த ரிப்போர்ட்ல வரிக்கு வரி "சப்போர்ட்ஸ்". குறைகள தானா தேடுற ஆட்டோமேட்டிக் செக்கர் டூல்லயும் பெருசா ஒண்ணும் சிக்கல.

ஆனா டெமோல நானே கீபோர்ட் முன்னாடி உக்காந்தேன், லீவு தேதி எடுக்குற காலண்டருக்குள்ள டேப் அடிச்சு போனா வெளிய வரவே வழியில்ல, மவுஸ் புடிச்சாதான் உண்டு, இது ஏஏ கூட இல்ல, அடிப்படை ஏ லெவல்லயே இருக்கக் கூடாத குறை. படத்துல என்ன இருக்குன்னு ஸ்கிரீன் ரீடர் படிச்சு சொல்றதுக்கான மாற்று உரைல "இமேஜ் 1"னு எழுதி வெச்சிருக்காங்க, செக்கர் பெரும்பாலும் அங்க எழுத்து இருக்கான்னுதான் பாக்கும், அதுக்கு அர்த்தம் இருக்கான்னு மனுஷங்கதான் பாக்கணும். காது கேக்காத தோழி ஒருத்தங்க பயிற்சி வீடியோவுல பேச்ச எழுத்தா காட்டுற கேப்ஷனே இல்லன்னு காட்டினாங்க. கை நடுக்கம் இருக்குற இன்னொருத்தர் ஃபார்ம முடிக்கிறதுக்குள்ள அதுவே லாகவுட் ஆயிடுச்சு, டைம் நீட்டிக்கிற வழியும் இல்ல, அடிச்சதெல்லாம் போச்சு. அவர் மூஞ்சிய பாத்த பிறகு மேனேஜரே எங்க பக்கம் பேச ஆரம்பிச்சுட்டாரு.

இதே மாதிரி கேக்கப் போறவங்க ஒண்ண மட்டும் விட்டுடாதீங்க, கடைசி தவணைப் பணம். குறையெல்லாம் சரி பண்ணி, நாங்க டெஸ்ட் பண்ணி கையெழுத்து போட்டாதான் அந்தப் பணம்னு ஒப்பந்தத்துல எழுத வெச்சோம், அதுக்கப்புறம்தான் கம்பெனியில இருந்து டெவலப்பரே நேரா பேசினாங்க. காலண்டர்ல தேதிய டைப் பண்ணவும் வழி வெச்சாங்க, கேப்ஷனும் வந்துச்சு, டைமும் நீட்டிக்கலாம்னு ஆச்சு. ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னாடியும் எங்ககிட்ட குடுத்து டெஸ்ட் பண்ணணும்னும் சேத்திருக்கோம்.

சம்பள ஸ்லிப் மட்டும் இன்னும் ஸ்கேன் பண்ண படமாதான் பிடிஎஃப்ல வருது, அதுல எழுத்தே இல்லாததால ஸ்கிரீன் ரீடரால நேரடியா படிக்க முடியாது. அதையும் குறைப் பட்டியல்ல ஏத்தியாச்சு, சரியாகிற வரைக்கும் கையெழுத்து போட மாட்டோம்னு சொல்லிட்டோம்.