சோலிகர்களின் சருகுத் தீ

ஒவ்வொரு கோடையிலும் காட்டுத்தீ செய்தி வந்ததும் 'மலைவாசிகள் வைத்த தீயாம்' என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போதே மனசு வலிக்கிறது.

சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன மலை இருக்கிறது. அங்கே வாழும் பழங்குடியினரான சோலிகர்கள் முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில் தரைச் சருகுக்குத் தீ வைப்பார்கள். எல்லாம் காய்ந்து முறுகுவதற்கு முன்பே வைப்பதால் அது தாழ்வாக ஓடி அணைந்துவிடும். பெரிய மரங்களுக்கு ஒன்றும் ஆகாது. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய புதரான உண்ணிச்செடியின் கன்றுகள் கருகும். நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவியும் கட்டுக்குள் இருக்கும். அப்புறம் இளம்புல் துளிர்க்கும், மேய மான் வரும்.

1974இல் அங்கே சரணாலயம் வந்தது. தீ வைக்கத் தடை, பல குடும்பங்களுக்கு இடப்பெயர்வு. பிறகு உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டியது. அந்தப் புதர் காய்ந்து தீப்பிடித்தால் மரக்கிளை வரை ஏறும். தீயை நிறுத்தியதுதான் காரணம் என்று சோலிகப் பெரியவர்கள் சொன்னதை, ஆய்வாளர்கள் பின்னர்தான் காதில் வாங்கினார்கள்.

2011இல் அதே காடு புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு, 2006 வன உரிமைச் சட்டத்தின்படி 25 சோலிகக் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. தேன், நெல்லி, கல்பாசி சேகரிக்கலாம். காட்டைப் பாதுகாக்கும் பொறுப்பும் உண்டு. மிகப் பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் காட்டை எப்போது, எங்கே, எவ்வளவு எரிப்பது என்ற முடிவிலும் அந்தக் கிராம சபைகளுக்கு இடம் வேண்டும். வனத்துறை அவர்களோடு உட்கார்ந்து, ஒரு சிறு பகுதியிலாவது இதைத் தொடங்கட்டும்.