நில் என்று மட்டும் கேட்கும் பாட்டு

கடந்த ஆவணியில் மட்டக்களப்பின் கல்லடியில் உறவினர் ஒருவரின் திருமண வரவேற்புக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் இசைக்குழுவினர் பழைய ஆங்கிலப் பாடல் ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் இரண்டு அடிகளிலேயே அது பென் ஈ. கிங் 1961இல் வெளியிட்ட ‘ஸ்டாண்ட் பை மீ’ என்பது தெரிந்துவிட்டது. நான் கையிலிருந்த குளிர்பானத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் நான்காவது வரி முடிவதற்குள், கீபோர்டில் ஏற்றிவைத்திருந்த நடனத் தாளம் ஒன்று உள்ளே புகுந்து, பாடிய பையனின் குரலையும், கைகோத்துக்கொண்டு மெல்ல ஆடத் தொடங்கியிருந்த மணமக்களையும் ஒன்றாகத் துரத்திக்கொண்டு போனது. பையனுக்கு நல்ல குரல். குறை அவனிடம் இல்லை. நிற்கவேண்டிய பாட்டை ஓடவிட்டதுதான் குறை.

வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. அன்றிரவும் அடுத்த சில இரவுகளிலும் அந்தப் பாட்டை வேறு வேறு ஆட்கள் பாடிய ஒலிப்பதிவுகளை யூடியூபில் தேடித் தேடிக் கேட்டேன். 400க்கும் மேற்பட்டவர்கள் அதைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று சொல்லப்படுகிறது. நான் கேட்டவை ஐம்பதைத் தாண்டாது. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. சிலவற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பாட்டை எனக்கு முதன்முதலில் காட்டித்தந்தவர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்த பறங்கி (ஐரோப்பிய வழிவந்த) அங்கிள். மட்டக்களப்புப் பறங்கியர் பலரைப் போல அவரும் தச்சுவேலை செய்தவர். மாலையில் மரத்தூளைத் தட்டிவிட்டு, ஆறு கம்பிகளில் மூன்று மட்டும் மிஞ்சியிருந்த கிற்றார் ஒன்றை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். மிஞ்சியவை மூன்றும் தடித்த, தாழ்ந்த கம்பிகள். ஆகவே அவரால் பாட்டின் மெட்டை வாசிக்க முடியாது, அதன் அடியில் ஓடும் பேஸ் சுரங்களை மட்டுமே வாசிக்க முடியும். “பாட்டு மேல இல்ல மனே, கீழதான் கிடக்கு” என்று அவர் சொன்னபோது, கம்பி வாங்கக் காசில்லாததற்குக் கதை சொல்கிறார் என்றே நினைத்தேன். பல ஆண்டுகள் கழித்து, தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், இந்தப் பாட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது விளங்கியது.

பாட்டு பிறந்த கதையும் அதையே சொல்கிறது. கிங் அதற்கு முன்னர் ட்ரிஃப்டேர்ஸ் என்ற குழுவின் முன்னணிப் பாடகராக இருந்தவர். அந்தக் குழுவுக்கென்றே இதை எழுதத் தொடங்கியதாகவும், குழுவின் மேலாளர் வேண்டாம் என்று விட்டதாகவும் அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். 1960 ஒக்டோபர் 27ஆம் திகதி நியூயோர்க்கில் ‘ஸ்பானிஷ் ஹார்லெம்’ என்ற பாட்டைப் பதிவு செய்த அதே அமர்விலேயே இதுவும் பதிவானது. சொற்களைக் கிங்கும் பாடலாசிரியர் ஜெரி லீபரும் சேர்ந்து சீராக்கிக்கொண்டிருந்த வேளையில் உள்ளே வந்த லீபரின் கூட்டாளி மைக் ஸ்டொலர், பியானோவில் உட்கார்ந்து அந்தப் பேஸ் வரிசையை அமைத்தார். இரண்டு அழுத்தமான அடிகள், ஒரு சிறு மௌனம், பிறகு அடுத்த சுரத்துக்குத் தாவும் சின்னப் படிகள்: அவ்வளவுதான் அதன் உடல். ஏ மேஜர் சுரக்கூட்டில் தொடங்கி, எஃப் ஷார்ப் மைனர், டி, ஈ என்று போய் மீண்டும் ஏ மேஜரில் வந்து அமரும் எட்டுத் தாள அளவைகள். பாட்டு முடியும்வரை இந்தச் சுற்று ஒருமுறைகூட மாறுவதில்லை. 1950களின் அமெரிக்கப் பாடல்களில் நூற்றுக்கணக்கானவை இதே நான்கு சுரக்கூட்டுகளின்மேல் கட்டப்பட்டவைதான். ஆனால் அவற்றில் எதுவும் அந்தச் சிறு மௌனத்தை இப்படிப் பயன்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

மூல ஒலிப்பதிவின் முதல் சரணத்தைக் காதில் ஹெட்போன் பொருத்திக் கேட்டுப் பாருங்கள். பேஸ், முக்கோணக் கம்பியின் கிணுக்கு, வரிப்பள்ளம் வெட்டிய குடுவையைக் குச்சியால் உரசும் ஒலி, அவற்றின்மேல் ஒரு மனிதக் குரல்; அதற்குமேல் பெரிதாக எதுவும் இல்லை. வயலின்கள் இரண்டாம் சரணத்தில்தான் மெல்ல எட்டிப் பார்க்கின்றன. இடைப்பகுதியில் மெட்டு முழுவதையும் அவையே ஏந்திக்கொண்டு மேலேறும்போதும், கீழே பேஸ் தன் இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் அசைவதில்லை. இருளில் தனியாக நிற்பவன், பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும், பயமில்லை என்கிறான். அப்படி நின்றுகொண்டிருப்பது அந்தப் பேஸ்தான் என்று கொள்வது என் வழக்கம். வேகம் நிமிடத்துக்கு 120 அடிகளுக்குச் சற்றுக் குறைவு. நடக்கிற வேகம் அது, ஓடுகிற வேகம் அன்று.

சொற்களின் ஊற்றோ இன்னும் பழையது. சாம் குக்கும் ஜே. டபிள்யூ. அலெக்சாண்டரும் எழுதி, சோல் ஸ்டிரேர்ஸ் குழுவினர் பாடிய ஒரு கிறிஸ்தவப் பாடல் கிங்குக்குத் தூண்டுதலாக இருந்தது. அதற்கும் முன்னர், 1905இல், ஃபிலடெல்ஃபியாவின் மெதடிஸ்ட் போதகர் சார்ள்ஸ் அல்பேர்ட் டின்ட்லி இதே தலைப்பில் ஒரு கீர்த்தனையை இயற்றியிருந்தார். மெதடிஸ்ட் மிஷன் 1814இல் வந்திறங்கிய இந்த ஊரில் வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் முற்றிலும் அந்நியமாகப் படவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் 46ஆம் சங்கீதம் இருக்கிறது. “பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்” என்று நாங்கள் சிறுவயதில் மனனம் செய்த அதே வசனம், கிங்கின் இரண்டாம் சரணத்தில் வானம் இடிந்து விழுவதாகவும் மலை கடலில் சரிவதாகவும் மாறி நிற்கிறது. அந்தச் சங்கீதத்தின் முதல் வசனம் கடவுளைச் சொல்லும் சொல் “ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணை” என்பது. கிங் செய்த மாற்றம் மிகச் சிறியது: ‘டார்லிங்’ என்ற ஒரு செல்லச்சொல்லை நடுவில் வைத்தார். துதிப்பாட்டு காதல் பாட்டாகிவிட்டது. நாயக நாயகி பாவத்தில் ஊறிய நமக்கு இதில் வியப்படைய ஒன்றும் இல்லை.

இந்த ஊற்றை யார் யார் உணர்ந்து பாடினார்கள் என்பதைப் பொறுத்தே மறுபதிவுகள் எனக்குத் தரம் பிரிந்தன. இத்தாலியின் அட்ரியானோ செலெந்தானோ 1962இலேயே இதைத் தம் மொழிக்குக் கொண்டுபோனார். அவர் வைத்த தலைப்பின் பொருள் ‘பிரார்த்திப்பேன்’ என்பது. உள்ளத்தில் இரவைச் சுமப்பவளுக்காக வேண்டிக்கொள்கிறான் ஒருவன். கிங் ஆலயத்திலிருந்து தெருவுக்கு இறக்கிவந்த பாட்டை, அடுத்த ஆண்டே ஒருவர் திரும்பவும் ஆலயத்தின் வாசற்படிவரை கொண்டுபோய் விட்டார். மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் அது மூலத்துக்கு உண்மையானது அன்று. பாட்டின் பூர்வீகத்துக்கு உண்மையானது.

ஓடிஸ் ரெடிங் 1964இல் வெளிவந்த தமது முதல் இசைத்தட்டில் இதைப் பாடியிருக்கிறார். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆயினும் அவரால் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை, ஒவ்வொரு வரியின் முடிவிலும் இன்னொரு முறை கெஞ்சுகிறார். முகமது அலி, காசியஸ் கிளே என்ற பெயரோடு இருந்த நாட்களில் பாடியதும் கிடைக்கிறது. பாட்டாக அதற்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் தன்னை மிஞ்ச உலகில் ஆளில்லை என்று முழங்கிய ஒரு குத்துச்சண்டை வீரர், பக்கத்தில் நில் என்று யாரையோ கேட்பதைக் கேட்க ஒரு தனிச்சுவை இருக்கிறது.

ஜோன் லெனனின் 1975ஆம் ஆண்டுப் பதிவைத்தான் என் வயதொத்த நண்பர்கள் மூலத்துக்கு மேலாக வைப்பார்கள். கிற்றாரை ஓங்கித் தட்டித் தொடங்கி, தொண்டை கிழியப் பாடுகிறார். அதில் உண்மை இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் கிங் கேட்பது வேண்டுகோள், லெனன் கேட்பது கடன். கொடுத்தே ஆகவேண்டும் என்ற தொனி. மிக்கி கிலியின் 1980ஆம் ஆண்டு நாட்டுப்புறப் பதிவு அமெரிக்காவின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. இரண்டு முறை கேட்டேன், மூன்றாம் முறைக்கு அவசியம் ஏற்படவில்லை. பிரின்ஸ் ரொய்ஸ் 2010இல் ஸ்பானிய மொழி கலந்து பச்சாத்தா என்ற லத்தீன் நடன இசை நடையில் பாடியது அப்படியன்று. பேஸின் வேலையைக் கிற்றாரின் மெல்லிய உதிர்ப்புகளுக்குக் கொடுத்திருக்கிறார். இழந்தது எது என்று தெரிந்தே இழந்த பதிவு அது.

மூலப்பாட்டின் பின்வாழ்வும் விசித்திரமானது. 1961இல் அமெரிக்காவின் பிரதான பட்டியலில் நான்காம் இடத்தைப் பிடித்த அந்த ஒலிப்பதிவு, அதன் பெயரையே தலைப்பாகக் கொண்ட திரைப்படம் வந்த 1986இல் மீண்டும் ஒன்பதாம் இடத்துக்கு ஏறியது. மறு ஆண்டு ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றின் துணையுடன் பிரித்தானியாவில் முதலிடத்தையே பெற்றது. 26 ஆண்டுகள் கழித்து, யாரும் ஒரு சுரத்தைக்கூட மாற்றாமல்!

உலகின் பல மூலைகளிலுள்ள தெருப்பாடகர்களைப் படம்பிடித்து ஒட்டிச்சேர்த்த ‘பிளேயிங் ஃபோர் சேஞ்ச்’ காணொளியை 2008இலிருந்து எல்லோரும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சன்டா மொனிக்காவின் தெருவில் ரொஜர் ரிட்லி தனியாகப் பாடும் தொடக்கத்துக்கு ஈடில்லை. அந்தக் கரகரத்த குரலுக்குப் பின்னால் ஒரு முழுச் சபை இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவராக வந்து சேரச் சேர, பாட்டில் நிற்க இடமில்லாமல் போகிறது. நல்ல நோக்கம் எப்போதும் நல்ல இசையாகிவிடுவதில்லை. இதைச் சொன்னதற்காக என்னைத் திட்டுபவர்கள் திட்டட்டும்.

அதற்கு நேர்மாறானது ட்ரேசி சப்மன் 2015 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பாடியது. ஒற்றைக் கிற்றார், ஒற்றைக் குரல், சுற்றிலும் வெளி. அதே மாதம் 30ஆம் திகதி, தமது 76ஆவது வயதில், கிங் காலமானார். 2018 மே 19ஆம் திகதி வின்சர் மாளிகையின் தேவாலயத்தில் இளவரசர் ஹரியின் திருமணத்தில் கிங்டம் கொயர் என்ற பாடகர் குழு பாடியதையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். இன்னும் எளிமையாக, இன்னும் எளிமையாக என்று மணமக்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் இசையமைப்பைப் பலமுறை திருத்த நேர்ந்தது என்று குழுவின் நடத்துநர் கரென் கிப்சன் பின்னர் சொல்லியிருக்கிறார். அரச குடும்பத்துத் திருமணத்திலேயே குறைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், கல்லடியில் கூட்டிவிட்டோம்.

பழைய பறங்கித் திருமணங்களில் இந்தத் தவறு நடந்ததில்லை. பறங்கியரின் கஃப்றிஞ்சா ஆட்டத்தின் ஆறு-எட்டுத் தாளம் தொடங்கினால் எந்தப் பாட்டும் அதற்குள் இழுபட்டுவிடும் என்பதை அங்கிள் நன்றாக அறிந்தவர். அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னதாகவே, விளக்குகளைக் குறைத்துவிட்டு, இதை ஒருமுறை வாசித்து முடித்துவிடுவார்.

இத்தனையையும் நான் கிளறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நினைவு வழிபாட்டில், 46ஆம் சங்கீதத்தோடு இந்தப் பாட்டைத் தமிழில் இணைத்துப் பாடலாமா என்று எங்கள் பாடகர் குழுவில் பேச்சு எழுந்தது. 2004இல் நாவலடியையும் கல்லடியையும் டச்சு பாரையும் கடல் கொண்டுபோனதை அறிந்தவர்கள் மத்தியில், மலை சமுத்திரத்தில் சாய்வதைப் பற்றிய வரியைப் பாடுவது எளிதான காரியம் அன்று. ஆனால் தடையாக வந்தது அந்த வரி இல்லை; தலைப்புத்தான். ஆங்கிலத்தில் மூன்று அசைகளும் நீட்டிப் பாட இடம் தருபவை. ‘துணை நில்’ என்றால் ‘து’ குறில், ‘ணை’ குறுகிய ஐகாரம், ‘நில்’ மறுபடியும் குறில். நீண்ட சுரத்தில் ஏற்றினால் மூன்றும் உடைகின்றன. ‘கூட வா’ என்று இளைஞர் ஒருவர் எழுதிவந்தார். பாடுவதற்கு அருமையாக இருந்தது. ஆனால் வா என்பது வேறு, நில் என்பது வேறு. இந்தப் பாட்டு யாரையும் வரச் சொல்லவில்லை, காப்பாற்றச் சொல்லவில்லை. நிற்க மட்டுமே சொல்கிறது.

கடைசியில் ‘பக்கத்தில் நில்’ என்பதையே வைத்துக்கொண்டு, ‘நில்’லை நீட்டிப் பார்த்தோம். நீட்டினால் அது ‘நீ...ல்’ என்று ஒலித்தது; பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். குழுவில் மூத்தவர், நாவலடியில் குடும்பத்தில் பாதிப்பேரை இழந்த அக்கா, “நீ எண்டு கேக்குதுதானே, கேக்கட்டும் விடுங்க” என்றார். அதன்பிறகு எவரும் சொல்லை மாற்றப் பேசவில்லை.

தாளவாத்தியம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. பேஸ் வரிசையைப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வாயால் முணுமுணுக்கிறான். ஷோன் கிங்ஸ்டன் 2007இல் வெளியிட்ட பாட்டில் அதே பேஸைக் கேட்டுப் பழகியவன் என்பதால் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தச் சிறு மௌனத்தை இன்னும் அவசரமாகத் தாண்டிவிடுகிறான். சனிக்கிழமை மறுபடியும் ஒத்திகை.