கூட்டுப் பட்டாவில் ஒரு பண்ணைக் குட்டை

திருநெல்வேலி மாவட்டம் மானூர்ப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுடையது கூட்டுப் பட்டா என்றால், பண்ணைக் குட்டை மானியத்துக்கு மனுப் போடும் முன் அதைப் பிரித்துவிடுங்கள். நான் மனுப் போட்டபோது உழவன் செயலியில் பதிந்தது, சிட்டா, புலப்படம் எடுத்தது, சிறு விவசாயி சான்று வாங்கியது எல்லாம் தடங்கலின்றி முடிந்தன. அலைச்சல் அதன் பிறகுதான்.

“பட்டாவில் உங்கள் சித்தப்பா பெயரும் இருக்கிறதே, அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும்” என்றார் அலுவலகத்தில் இருந்தவர். சித்தப்பா இருப்பது மும்பையில். கூரியரில் வரவழைத்துக் கொடுத்தேன். “நோட்டரி முத்திரை இல்லையே” என்றார். எழுபதைத் தாண்டிய மனிதர் வலிக்கும் முழங்காலோடு போய் அதையும் வாங்கி அனுப்பினார். கடிதம் வந்தபோது அந்த நாற்காலியில் வேறொருவர். “கடிதமெல்லாம் செல்லாது அண்ணாச்சி, தனிப்பட்டா கொண்டு வாருங்கள்” என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கோப்பைத் தள்ளிவிட்டார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? இன்னும் எனக்கு ஆறவில்லை. என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா கோயில் கொடைக்கு ஊருக்கு வந்த சமயம் பாகப் பிரிவினைப் பத்திரம் பதிந்தோம். உட்பிரிவு மனு, சர்வேயர், கல் ஊன்றுதல் என்று இழுத்து, ஒருவழியாகத் தனிப்பட்டா கைக்கு வந்தது.

அடுத்து கரை. பொக்லைன்காரர் வெட்டிய மண்ணை உலர்ந்தபடியே குவித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். விடவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையில் பக்கத்துத் தோட்டத்துக் குட்டையின் கரை உடைத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதற்கு மறுகால், அதாவது மிகுந்த தண்ணீர் வெளியேறும் வழி, கிடையாது. தண்ணீர் கரைக்கு மேலேறி மண்ணை அரித்துவிட்டது. அதனால் கரை வரும் இடத்தில் புல், வேர் எல்லாம் செதுக்கி எடுத்து, நடுவில் குழி பறித்துக் களிமண் நிரப்பச் சொன்னேன். அதன்மேல் முக்கால் அடி கனத்துக்கு மண் போட்டு, தண்ணீர் தெளித்து, இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கு. மறுகாலைக் கரை உச்சியைவிட நன்றாகத் தாழ்த்தி, கல் பாவினோம். அளக்க வந்த பொறியாளர் கரைமேல் நடந்து பார்த்துவிட்டு, ஒரு குறையும் சொல்லாமல் படம் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அதுவே பெரிய நிறைவு. பணமும் கணக்கில் ஏறிவிட்டது.

ஒப்பந்தக்காரர் சொல்லும் கொள்ளளவை அப்படியே நம்பாதீர்கள். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 18 லட்சம் லிட்டர் என்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்வாங்கும்படி, 1க்கு 1.5 என்று பக்கச் சரிவு விட்டால் நிற்பது ஏறத்தாழ 14.5 லட்சம்தான். அதற்காகச் சரிவைக் குறைக்கவும் கூடாது. செங்குத்தாக விட்டால் பக்கம் சரிந்துவிடும்.

ஐப்பசி மழையில் குட்டை பெருகி மறுகால் பாய்ந்தது. கரையில் கசிவு இல்லை. கரிசல் மண் கரையென்றால் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே சரள் பரப்பி, சரிவில் அறுகம்புல் பதியுங்கள். மரம் மட்டும் வைக்க வேண்டாம். நண்டு வளை, எலி வளை கண்டால் அன்றே தோண்டிக் களிமண் அடைத்துவிடுங்கள்.