கடலூரிலிருந்து பாண்டிக்கு, பிள்ளைகளோடு ஒரு நாள்

கடலூரிலிருந்து பாண்டி 22 கிலோமீட்டர்தான். பக்கத்தில்தானே என்று ஒன்பது மணிக்குச் சாவகாசமாகக் கிளம்புவதில்தான் எல்லாம் கெடுகிறது. பத்தரை மணி வெயிலில் கடற்கரைச் சாலையில் நடக்கவிட்டால் எந்தப் பிள்ளையும் அழத்தான் செய்யும். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டோடு வீடு திரும்பிவிட வேண்டும்.

ஐந்தேகாலுக்குப் புறப்பட்டால் ஆறேகாலுக்குள் கடற்கரைச் சாலை. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகள் வரக்கூடாது. அவ்வளவு அகலமான தார்ச்சாலையில் பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம் என்பது நம் ஊர்ப் பக்கம் வேறெங்கே கிடைக்கும்? சின்ன சைக்கிள் இருந்தால் காரில் போட்டுக்கொண்டு போங்கள். 7.20க்கே மறுபடி கையைப் பிடித்துவிடுங்கள். தடுப்பை எடுத்த மறுநிமிடம் ஸ்கூட்டர்கள் வந்துவிடும்.

பிள்ளைகள் கேட்பது மணல்தான். காந்தி சிலைக்குத் தெற்கே பார்த்தால் வெறும் கருங்கல். இந்தக் கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கட்டிய அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்துவிட, நகரத்துக் கரையை அலை தின்றது. கல்லைக் கொட்டித்தான் காப்பாற்றினார்கள். பிறகு 2018ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை மூழ்கவைத்தார்கள், மணல் திரும்பி வந்தது. அதனால் மணல் வீடு கட்ட சிலைக்கு வடக்கே போங்கள். தண்ணீர் கணுக்காலைத் தாண்ட வேண்டாம். அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியில் இருக்கும் மணலையே உருவிக்கொண்டு போகும், சின்னப் பிள்ளை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும்.

கற்களின் மேல் ஏறவே விடாதீர்கள். பாசி வழுக்குவது ஒரு பக்கம். அதைவிட ஆபத்து, கற்களுக்கு இடையே உள்ள சந்து. செருப்பு உள்ளே விழும், பிள்ளை எடுக்கக் குனியும், கால் மாட்டிக்கொள்ளும்.

எட்டரைக்கு டிபன் முடித்து பாரதி பூங்கா. நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபத்தின் கதையை அங்கேயே நிழலில் உட்கார்ந்து சொல்லுங்கள். விளக்கெரிந்த ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம் அரசர். அது ஆயி என்ற பெண்ணின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னாராம். அவளே தன் வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, அவள் பெயரில் எழுந்தது இந்த ஆயி மண்டபம். புதுச்சேரி அரசு முத்திரையில் இருப்பதும் இதுதான். வழியில் அரசுப் பலகைகளில் அதைத் தேடச் சொல்லுங்கள், நடக்கிற அலுப்பே தெரியாது.

பூங்காவை ஒட்டியே அருங்காட்சியகம். திங்கட்கிழமை விடுமுறை. எல்லாக் கூடத்தையும் காட்ட நினைக்காதீர்கள். அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த பழங்காலப் பாசிமணிகளும், ஆட்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போன புஷ்புஷ் வண்டியும் போதும். மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போவதாக இருந்தால், லட்சுமி யானையைப் பார்க்கலாம் என்று சொல்லிக் கூட்டிப்போய்விடாதீர்கள். 2022 நவம்பர் 30 அன்று லட்சுமி போய்ச் சேர்ந்துவிட்டாள். தெருவே அழுத நாள் அது.

தாவரவியல் பூங்கா 1826ல் உண்டானது, பெரிய மரங்கள், நல்ல நிழல். குட்டி ரயிலை மட்டும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள், ஓடாத நாளும் உண்டு.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் கட்டுங்கள். அரை டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய வடித்து, மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஒரு டம்ளர் காய்ச்சின பாலும் ஒரே ஒரு மேசைக்கரண்டி தயிரும். காலை ஐந்து மணிக்குக் கலந்தது பதினொன்றரைக்கு சரியாக உறைந்திருக்கும். தயிர் அதிகமானால் வெயிலுக்குப் புளித்துவிடும். கொதிக்கும் சாதத்தில் விட்டால் திரிந்து நீர் பிரியும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம்.

சுண்ணாம்பாறு படகுக் குழாமை இதே நாளில் சேர்க்காதீர்கள், அதற்கு இன்னொரு காலை. நமக்குத்தான் அது பக்கம்: கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் தாண்டி நோணாங்குப்பத்தில் இறங்கினால் போதும். ஞாயிறு என்றால் திறக்கும்போதே வரிசையில் நில்லுங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலில் காத்திருக்க வேண்டிவரும். படகில் ஏறும் முன் பிள்ளைக்குச் சின்ன அளவு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். எல்லா வாரையும் இழுத்துக் கட்டிவிட்டு, இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறிவந்தால் அது தளர்வு, தண்ணீரில் பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். வேறு அளவு கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் அன்றைக்குப் படகு வேண்டாம், கரையிலேயே விளையாடட்டும்.