ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாய் கடித்தால் எங்கே போவது?

என் மாமனாரை நாய் கடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. பால் வாங்கிக்கொண்டு திரும்பியவரின் இடது கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. வேட்டியின் கீழ்ப்பக்கம் ரத்தம். "ஒண்ணுமில்லம்மா, நம்ம தெரு நாய்தான்" என்று சொல்லிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை. வீட்டில் நானும் நாலாவது படிக்கும் மகனும்தான். தஞ்சாவூரிலிருந்து 25 கிலோமீட்டர் உள்ளடங்கிய கிராமம் எங்களுடையது.

108-ஐக் கூப்பிடலாமா என்று முதலில் தோன்றியது. ஆனால் மாமா நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார், ரத்தமும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. விபத்துக்கும் நெஞ்சுவலிக்கும் ஓட வேண்டிய வண்டியை இதற்கு அழைக்க மனம் வரவில்லை. அதற்காகத் திங்கட்கிழமை காலை ஓ.பி. வரைக்கும் காத்திருக்கலாமா? அதுவும் தப்பு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. தெருவில் ஆளுக்கொரு யோசனை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். பக்கத்து ஊரில் வேர் கட்டுகிறவர் இருக்கிறார் என்றார் இன்னொருவர். நான் பதற்றத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பழைய துணியால் சுற்றி, கடைத்தெருவில் இருக்கும் கிளினிக்குக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன்.

அங்கேதான் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. டாக்டர் இல்லை. வருவார், வருவார் என்று உட்கார வைத்தார்கள். கடைசியில் அங்கிருந்தவரே டி.டி. ஊசி ஒன்று போட்டு, "இதுக்கு ரெண்டு தையல் போட்டுட்டா சரியாயிடும், டாக்டர் நாளைக்கு வந்துடுவார்" என்றார். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. டி.டி. தனுர்வாதத்துக்கு, வெறிநாய்க்கடிக்கு அது எப்படிப் போதும்? தையல் போடாமல், காயத்துக்குக் கட்டு மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கே திரும்பினோம்.

திரும்பி வந்துதான் 104-க்குப் போன் செய்தேன். தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். மகனின் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததால் நினைவுக்கு வந்தது. எடுத்த பெண் கேட்ட முதல் கேள்வி: "சோப்பு போட்டுக் கழுவினீங்களா? எவ்வளவு நேரம்?" தண்ணீர் மட்டும் ஊற்றினேன் என்றேன். "இப்பவே குழாயைத் திறந்து விட்டு, சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. எதுவும் பூசாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க" என்றார். அடுத்து, தோல் கிழிந்ததா, ரத்தம் வந்ததா, எங்கே கடித்தது என்று கேட்டார். ரத்தம் வந்த கடி மூன்றாம் வகையாம். அதற்குத் தடுப்பூசி மட்டும் பத்தாது, சீரமும் வேண்டும் என்றார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசியை இன்றைக்கே போட்டுக்கொண்டு, சீரத்துக்கு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் கேஷுவால்டிக்குப் போகச் சொன்னார்.

கொல்லைப்புறக் குழாயடியில் மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, மகன் செல்போனில் மணி பார்க்க, பதினைந்து நிமிடமும் கழுவினேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கடித்தவுடனே செய்திருக்க வேண்டிய வேலை இது. நாயின் எச்சிலோடு வரும் கிருமியில் பெரும்பகுதி இந்தச் சோப்பிலேயே போய்விடும் என்று பின்னால் நர்ஸ் சொன்னார். இரண்டு மணி நேரம் தாமதமாகச் செய்தேன் என்பது இன்னமும் உறுத்துகிறது.

சுகாதார நிலையத்தில் டூட்டியில் இருந்தவர் நர்ஸ் அக்கா ஒருவர்தான். மாமா ஊசி வேண்டாம் என்று அடம்பிடித்தார். இத்தனை நேரம் ஏன் மழுப்பினார் என்பது அப்போதுதான் தெரிந்தது. சின்ன வயதில் அவருடைய அண்ணனுக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டிருக்கிறார்கள். அண்ணன் அலறிய சத்தம் அறுபது வருடமாக அவர் காதில் இருக்கிறது. நர்ஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, அந்த மருந்தெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு. இப்ப கையிலதான். தோல்ல எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." இரண்டு தோள்பட்டையிலும் 0.1 மில்லி வீதம் தோலுக்குள்ளேயே போட்டார். மாமா, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

கிளினிக்கில் தையல் போடச் சொன்னதை நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். நல்ல வேளை போடவில்லை என்றார். நாய்க்கடிக் காயத்தை உடனே தைக்கக் கூடாதாம். தைக்கும்போது கிருமி உள்ளே நரம்பு வரைக்கும் இறங்க வழி கிடைத்துவிடும். தைத்தே ஆக வேண்டிய பெரிய காயமென்றால் சீரம் போட்ட பிறகுதான்.

சீரம் எதற்கு என்று நான் கேட்டேன், ஏனென்றால் ராத்திரி 25 கிலோமீட்டர் போக வேண்டும். தடுப்பூசி போட்டதும் உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தானே தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் காவல் நிற்பதற்குத் தயாராக இருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் காயத்துக்குள்ளேயே செலுத்துவதுதான் சீரம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை என்று அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு யோசனையே இல்லை.

மெடிக்கல் காலேஜுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. கேஷுவால்டியில் சீட்டுப் போட்டதும் கேட்டது: "ஐயாவோட எடை என்ன?" எடைக்குத்தான் சீரத்தின் அளவு. குதிரையிலிருந்து எடுக்கும் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட். மாமா 62 கிலோ, ஆக 2480 யூனிட் வரை. அலர்ஜி வருகிறதா என்று கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டு, பல் பதிந்த இரண்டு இடத்துக்குள்ளும் சுற்றிலும் ஊசியால் இறக்கினார்கள். தடுப்பூசியைவிட இதுதான் வலித்தது. அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்த பிறகு அனுப்பினார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. தனியாரில் மனித ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்துக்குப் பல ஆயிரம் ஆகும் என்று பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் சொன்னார். அவர் மகளுக்குக் கடிபட்டு நான்கு நாள். முதலில் போன இடத்தில் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், சீரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால் சீரம் போடலாம், அதற்கு மேல் போடுவதில்லை. அந்தப் பிள்ளை தப்பித்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். "நாய்க்கடி ஊசி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். "சீரம் இருக்கா, இல்லைன்னா எங்க இருக்கு?" என்று கேளுங்கள். ரத்தம் வந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த வாசலையும் விட்டு இறங்காதீர்கள்.

மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் ஊசிகளுக்கு மறுபடி தஞ்சாவூர் போகவில்லை, ஊர் சுகாதார நிலையத்திலேயே போட்டோம். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. புதன்கிழமை போனபோதே கேட்டு வைத்தேன். டூட்டி நர்ஸ் இருப்பார், வரலாம் என்றார்கள். கறி, மீன் கூடாது என்று தெருவில் சொன்னார்கள். அப்படிப் பத்தியம் எதுவும் இல்லை என்று நர்ஸ் அக்கா சொன்னதும் மாமா அன்றைக்கே சென்னாக்குன்னி வாங்கி வரச் சொன்னார்.

நாயைப் பத்து நாள் கண்ணில் வைத்திருந்தோம், அது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊசியை நிறுத்தவில்லை. பாதியில் விட்டுவிட்டு இன்னொரு கடிக்கு மறுபடி முதலிலிருந்து ஓடுவதற்கு, முடித்துவிடுவது மேல் என்று மாமாவே சொன்னார். முழுதாகப் போட்டவருக்குத் திரும்பக் கடித்தால் இரண்டே ஊசி, அன்றைக்கே ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று. சீரம் தேவையில்லை. அதற்கு அத்தாட்சி அந்த ஊசி அட்டைதான். ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையில் அதையும் போட்டு வைத்திருக்கிறேன்.