மோட்டார் ஓடியது என் மீட்டரில்

ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி காலையில் கதவிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு செருகியிருக்கும். நீல மை, வீட்டுக்காரரின் குண்டு குண்டான கையெழுத்து. மேலே வாடகை. அதன் கீழே வரிசையாகக் கரண்ட், தண்ணீர், மோட்டார், படிக்கட்டு விளக்கு, பராமரிப்பு. கடைசியில் ஒரு கோடு, கூட்டுத்தொகை.

குடிவந்த புதிதில் அந்தச் சீட்டு எனக்குப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறாரே, நேர்மையான மனிதர் என்று நினைத்தேன். நான்காம் மாதம் பராமரிப்பு இரண்டு மடங்கானது. ஆறாம் மாதம் ‘இதர’ என்று புதிதாக ஒரு வரி முளைத்தது. எட்டாம் மாதம் எல்லாச் சீட்டுகளையும் தரையில் பரப்பிக் கூட்டிப் பார்த்தேன். வாடகை அப்படியே இருந்தது. அதற்கு மேலே நான் கொடுப்பது மட்டும் வாடகையில் நாலில் ஒரு பங்கை எட்டியிருந்தது.

அக்ரிமென்டை எடுத்தேன். “பராமரிப்புச் செலவு தனி.” இவ்வளவுதான் இருந்தது. எதற்கு, எவ்வளவு, யார் யார் பங்கு, எப்போது ஏற்றலாம், ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று வாடகையையும் அட்வான்ஸையும் இரண்டு முறை சரிபார்த்த நான் இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். வாடகை வீட்டுக்குப் போகிற எவரும் விரலை வைத்து நிறுத்திப் படிக்க வேண்டிய வரி இதுதான். வாடகையை ஏற்ற வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு கட்டுப்பாடு இருக்கும். அதே பணத்தை ‘பராமரிப்பு’ என்ற பெயரில் கேட்டால் அந்தக் கட்டுப்பாடு எதுவும் குறுக்கே வராது.

அப்புறம் மீட்டர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாரும் செய்து பார்க்கலாம் என்பதால்.

மூன்று குடும்பம் இருக்கும் வீடு. படிக்கட்டுக்கு அடியில் மூன்று மீட்டர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கீழே போனேன். வீட்டில் ஒரு விளக்குகூட எரியாதபோது என் மீட்டரின் சிவப்புப் புள்ளி மின்னக் கூடாது. மின்னிக்கொண்டிருந்தது. பின்பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அங்கேயே நின்றேன். மோட்டார் நின்றது. புள்ளியும் நின்றது.

டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு அந்தப் புள்ளி எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருக்கும். என்னுடையதில் 3200. மறுநாள் மோட்டார் ஓடும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். அரை நிமிடத்தில் 24. அப்படியென்றால் மணிக்கு 2880, அதாவது 0.9 யூனிட். தினமும் இரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 54 யூனிட். மூன்று குடும்பமும் குளித்த, துவைத்த தண்ணீருக்கான மின்சாரம் முழுக்க என் கணக்கில் ஏறியிருக்கிறது. அது போக, சீட்டில் ‘மோட்டார்’ என்று தனியாக ஒரு வரி. ஒரே செலவுக்கு இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். அன்று எனக்கு வந்த கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. எட்டு மாதமாக ஃபேனை அணை, விளக்கை அணை என்று என் மகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் பில் ஏறுவதற்கு அவள்தான் காரணம் என்று நம்பியிருந்தேன்.

வீட்டுக்காரரிடம் போனேன். “சார், இந்த மோட்டார் என் மீட்டர்ல ஓடுது” என்றேன்.

“அதெல்லாம் இருக்காதும்மா” என்றார். பிறகு, “எட்டு மாசமாக் கொடுத்துட்டுத்தானே இருந்தீங்க, இப்ப என்ன புதுசா?” கடைசியாக, “ஒத்து வரலேன்னா வேற வீடு பாத்துக்கங்க.”

நடுவில் கேட்டாரே, அந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கேட்காமல் கொடுத்தது என் தவறுதானோ? சம்மதித்ததாக ஆகிவிடுமோ? அதற்குப் பதில் தேடித்தான் சட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன். இதைப் படிக்கிற நீங்கள் வேறு வேறு நாடுகளில் இருப்பீர்கள். எந்த நாட்டில் இருந்தாலும் சீட்டில் வருவது இதே வரிகள்தான். சட்டம் அவற்றை நடத்தும் விதம் மட்டும் மாறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் முறை. அங்கே வாடகை வேறு, கட்டடத்தை நடத்தும் செலவு வேறு. ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் அந்தச் செலவைக் குடியிருப்பவரிடம் கேட்கலாம். மாதாமாதம் முன்பணமாக வாங்கினால் வருடத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அந்தக் கணக்கு குடியிருப்பவர் கைக்கு வர வேண்டும். தாமதம் தன் தவறில்லை என்று காட்ட முடியாவிட்டால், அதன் பிறகு கூடுதலாக எதையும் கேட்க முடியாது. ரசீதுகளைப் பார்க்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. பழுதுபார்க்கும் செலவையும் நிர்வாகச் செலவையும் வீட்டு வாடகையில் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. என் சீட்டில் இருந்த ‘பராமரிப்பு’ என்ற அந்த ஒற்றைச் சொல் அங்கே நிற்காது.

இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் புது வாடகைகளுக்கும், 2020 ஜூன் 1 முதல் பழையவற்றுக்கும் கட்டணத் தடைச் சட்டம் பொருந்துகிறது. அனுமதித்த கட்டணங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாத எதையும் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுதிய கூலி, புதுப்பித்த கூலி எல்லாம் போயிற்று. பிரிட்டனில் மின்சாரத்தை மறுபடி விற்கும் வீட்டுக்காரர், தான் யூனிட்டுக்குக் கொடுத்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் சேதத்துக்கென்று டெபாசிட் வாங்குவதே சட்டவிரோதம். கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம். சட்டத்துக்குப் புறம்பாக வாங்கிய பணத்தை, கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டு விண்ணப்பிக்கலாம். என் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது இங்கேதான். ஒருமுறை கொடுத்துவிட்டோம் என்பதால் வாங்கியவருக்கு அது உரிமையாகிவிடுவதில்லை. ஆனால் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எந்தப் பழுது யாருடையது என்று அதன் இணைப்பிலேயே பிரித்திருக்கிறார்கள். வெள்ளையடிப்பதும் குழாய்களை மாற்றுவதும் வயரிங்கும் வீட்டுக்காரருடையவை. குழாய் வாஷர் மாற்றுவதும் ஸ்விட்ச் பழுதும் குடியிருப்பவருடையவை. தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

சரி, நான் என்ன செய்தேன்?

மறுபடி நேரில் போய்ப் பேசவில்லை. நேரில் பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், அழுகை வந்துவிடும். ஒரு கடிதம் எழுதினேன், ஒரு பக்கம். மின்சார பில்லின் நகல் வேண்டும். பொதுச் செலவை மூன்று குடும்பத்துக்கும் எப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்ல வேண்டும். மோட்டார் இணைப்பை மாற்றித் தர வேண்டும், இதுவரை அதிகமாக வாங்கியதைக் கழிக்க வேண்டும். மிரட்டல் ஒரு வார்த்தை இல்லை. தேதி போட்டு, மீட்டரின் வீடியோவோடு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன், பார்த்துவிட்டதற்கு அடையாளம் இருக்கட்டும் என்று.

அந்த மாதம் வாடகையையும் கரண்ட், தண்ணீர், படிக்கட்டு விளக்குக்கானதையும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வங்கி வழியாக அனுப்பினேன். இந்த மாத வாடகை என்று குறிப்பும் எழுதினேன். மோட்டார், பராமரிப்பு, இதர என்ற மூன்று வரிகளுக்கான பணத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும், வாடகை பாக்கி என்ற ஒரு காரணமே உங்களைக் காலி செய்யச் சொல்லப் பல இடங்களில் போதும்.

பதினொரு நாள் பதில் இல்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் “நாம வேற வீட்டுக்குப் போறோமாம்மா?” என்று கேட்டபோது, இந்த வேலையை ஏன் ஆரம்பித்தோம் என்றுகூட இருந்தது. பிறகு ஒரு நாள் எலெக்ட்ரீஷியனோடு வந்தார். பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒரு மீட்டருக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னார். அதுவரை மோட்டாரைத் தன் வீட்டு மீட்டருக்கு மாற்றிவிட்டார். முன்பு குடியிருந்தவர் காலத்தில் யாரோ செய்த இணைப்பு, எனக்கே தெரியாது என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது அது பொய்யாகத் தோன்றவில்லை. ஆனால் ‘இதர’ என்ன என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த சீட்டில் அந்த வரி இல்லை.

அதிகமாகக் கொடுத்ததில் பாதியை இரண்டு மாத வாடகையில் கழித்தார். மீதியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுத்தில்தான் கேட்கிறேன், ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வைத்திருக்கிறேன். பராமரிப்புக்கு எது எது சேரும் என்று நாலு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அக்ரிமென்டோடு சேர்த்திருக்கிறோம்.

இப்போது துண்டுச்சீட்டோடு பில்லின் நகலும் சேர்ந்து வருகிறது. போன வாரம் கீழ்வீட்டு அக்கா தன் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று வருடச் சீட்டு. “இதையும் கொஞ்சம் பாரேன்” என்றார். படிக்கட்டு விளக்கு அவர் மீட்டரில் இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். சிவப்புப் புள்ளியை எண்ணித் தருவது தன் வேலை என்று மகள் சொல்லிவிட்டாள்.