ஆழியாற்றின் வழியே பொன்னானி வரை

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் ஆடி மாதத்தில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளை ஓயாமல் உலுக்கும் காற்று, அரபிக்கடலிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் நம்மை வந்தடைகிறது. அதே காற்று ஆனைமலையில் மோதிப் பொழியும் மழை ஆழியாறாக இறங்கி, கேரளத்துக்குள் சித்தூர்ப்புழையில் சேர்ந்து, பாரதப்புழையாகப் பொன்னானியில் மீண்டும் கடலை அடைகிறது. அந்த நீரின் போக்கிலேயே காட்டிலிருந்து கடல்வரை சென்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஓவியம் பயிலும் அக்கா மகனையும் அழைத்துக்கொண்டு ஆவணியில் புறப்பட்டேன்.

ஆழியாறு அணையிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 9-ஆவது வளைவில் நின்றால் அணையின் நீர்ப்பரப்பும் அதற்கப்பால் வெளிறிய சமவெளியும் ஒருசேரத் தெரிகின்றன. பாறைச் சரிவில் வரையாடுகளையும் காணலாம். பெரும்பாலோர் அங்கே படம் எடுத்துக்கொண்டு நிறைவடைந்துவிடுகிறார்கள். ஓவியனுக்கு உரிய இடம் அதற்கும் மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில் இருக்கிறது என்பேன். சாலையோரத்தில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுக்கடுக்கான இலைகளைக் கடந்து வரும் வெளிச்சம் ஒவ்வோர் அடுக்கிலும் சற்று நிறம் மாறி, தரைக்கு வரும்போது ஏறக்குறைய இருளாகிவிடுகிறது. "எத்தனை கலந்தாலும் பத்த மாட்டேங்குதுங்க மாமா, நிழலுக்குள்ளயே நாலு பச்சை இருக்குதுங்க" என்றான் மருமகன். அப்போது இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே பறந்தது. அதன் சிறகொலி அத்தனை தொலைவிலும் பெருமூச்சுப்போல் கேட்டது. அதுவரை இலை இலையாக வரைந்துகொண்டிருந்தவன், அதன்பின் பெரிய கோடுகளாக இழுக்கத் தொடங்கினான்.

சமவெளியை வேகமாகவே கடந்தோம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்குச் செல்கிறது என்பதை மட்டும் அவனுக்குச் சொன்னேன்.

பொன்னானியில் ஆறு அகன்று மணல்திட்டுகளாகச் சிதறிக் கடலில் கலக்கிறது. காட்டில் கைக்கெட்டும் தொலைவுக்குள் நின்றுவிட்ட பார்வை, இங்கே தடுக்க ஒன்றுமில்லாமல் அடிவானம்வரை ஓடுகிறது. நம் பழம்புலவர்கள் மலை நிலமான குறிஞ்சிக்குக் கூடலையும் கடல் நிலமான நெய்தலுக்குப் பிரிவில் வருந்தும் இரங்கலையும் உரிப்பொருளாக, அதாவது அந்நிலத்துக்குரிய உணர்வாக, வைத்த காரணம், ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்தபோது எனக்கு உடம்பிலேயே உறைத்தது.

கோவையில் 1911-இல் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி அங்கே நெடுநேரம் பேசினோம். இயற்கைக் காட்சிகளை வரைந்து தொடங்கிய அவர், 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற வருவாயே அங்குள்ள கலைஞர்களைத் தாங்கியது. அவர் பிறந்த கொங்கு மண்ணில், ஓவியம் கற்பிப்போர் தம் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆழியாற்றங்கரைக்கு அழைத்துவர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். மழை ஓய்ந்து, ஆறு நிறைந்து ஓடும் ஆவணி, புரட்டாசி மாதங்கள் அதற்கு மிகவும் ஏற்றவை.